ரெண்டருக்கு எவ்ளோ கரண்ட் போகுது? குமரி மாவட்டத்துல புதுசா அனிமேஷன் தொடங்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைன்னு நம்ம பக்கத்துல இப்பம் 3டி அனிமேஷன் பண்ற பிள்ளைங்க நெறைய பேரு வந்தாச்சு. வீட்டு எலிவேஷனுக்கு வாக்த்ரூ, நகைக்கடை விளம்பரம், திருவிழா எல்இடி வாலுக்கு (மேடைப் பின்னாடி நிக்கிற பெரிய எல்இடி திரை) லூப் (திரும்பத் திரும்ப ஓடுற வீடியோ), கல்யாண அழைப்பு வீடியோ, இப்பிடி ஏதாவது ஒண்ணுல தொடங்கி கொஞ்சம் பேரு திருவனந்தபுரம் டெக்னோபார்க் வரைக்கும் வேலைக்குப் போறாங்க. புதுசா வாறவங்க மாடலிங் கேக்காங்க, லைட்டிங் கேக்காங்க, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்னு கேக்காங்க. இந்த வேலைக்கு எவ்ளோ கரண்ட் போகுது, அந்தக் கரண்ட் எதை எரிச்சு வருது, மெஷின் பழசானா எங்க போகுதுன்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி. அத முதல் நாள்ல இருந்தே தெரிஞ்சுக்கணும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா அஞ்சு வருஷம் ஒரு பழக்கத்துல ஊறுன பிறகு மாத்துறது கஷ்டம்.

நான் சொல்ல வாறது ஒண்ணுதான். ரெண்டர்னா நாம செஞ்சு வச்ச 3டி சீன மெஷின் கணக்குப் போட்டு ஃபிரேம் ஃபிரேமா படமாக்குறது. அந்த ரெண்டர் பட்டன அமுத்துன பிறகு மிச்சம் பிடிக்க பெருசா ஒண்ணும் கிடையாது, அதுக்கு முன்னாடி எடுக்கிற முடிவுலதான் எல்லாம் இருக்கு. எந்த சைஸ், எத்தன ஃபிரேம், எது அசையணும், எது அசைய வேண்டாம், கிளையண்ட் எப்பம் ஓகே சொல்லணும், இதெல்லாம் சரியா இருந்தா சின்ன மெஷின்லயே நல்ல படம் வரும், கரண்டும் கம்மி.

ஏன் இவ்ளோ போகுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்குங்க

சினிமாவுக்கு ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். அப்பம் ஒரு நிமிஷத்துக்கு 1440 படம், ஒன்றரை மணி நேரப் படம்னா 1,29,600 படம். ஒவ்வொண்ணையும் மெஷின் தனித்தனியா கணக்குப் போட்டு வரையணும், வெளிச்சம் எங்க பட்டு எங்க தெறிச்சு எப்பிடி கேமராவுக்கு வருதுன்னு லட்சக்கணக்கான கதிர்களப் பின்தொடர்ந்து பாக்கணும். பேப்பர் இல்ல, பெயிண்ட் இல்ல, ஃபிலிம் ரோல் இல்ல, அதனால இது சுத்தமான தொழில்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு. புகை நம்ம ரூம்ல வரல, அவ்ளோதான் விஷயம், அது அனல்மின் நிலையத்துல வருது.

மெஷின் வேகமாயிட்டே போகுதே, கரண்டும் குறையணுமேன்னு கேட்டா, இந்தத் துறையில ஜிம் பிளின்னு ஒரு பழைய ஆளு இருக்காரு, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல ரொம்ப முக்கியமானவரு, அவரு பேர்ல ஒரு விதியே உண்டு: தொழில்நுட்பம் எவ்ளோ வளந்தாலும் ஒரு ஃபிரேமுக்கு ஆகுற நேரம் அப்பிடியேதான் இருக்கும். ஏன்னா மெஷின் ரெண்டு மடங்கு வேகமானா நாம கேரக்டரோட தலைமுடி எண்ணிக்கைய ரெண்டு மடங்கு ஏத்துவோம், 4கே கேப்போம், இன்னும் பத்து லைட் வைப்போம். அதனால புது கார்டு வாங்கினா கரண்ட் மிச்சமாகும்னு நம்பிராதீங்க, வேலையோட அளவ நாமளே புடிச்சு நிறுத்தினாத்தான் மிச்சம்.

"நம்ம ஊர் காத்தாலை இருக்கே" அப்பிடின்னு சொல்றவங்களுக்கு

இது நம்ம மாவட்டத்துக்கே உள்ள நெனப்பு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா போனா ரெண்டு பக்கமும் காத்தாடி, முப்பந்தல் பக்கம் மட்டும் ஏறத்தாழ 1500 மெகாவாட் அளவுக்கு காத்தாலைகள் நிக்குது. அந்தப் பக்கம் கோதையாறுல ரெண்டு நீர்மின் நிலையம் சேர்த்து 100 மெகாவாட். மாவட்ட எல்லைய தாண்டினா கூடங்குளம் அணுமின் நிலையம். இதப் பாத்துட்டு நம்ம வீட்டுக்கு வாறது சுத்தமான கரண்ட்தான்னு சொல்றாங்க. ஆனா காத்தாடி கரண்ட் எல்லாம் மொத்த கிரிட்டுக்குள்ள (எல்லா ஊரையும் இணைக்கிற மின் வலைப்பின்னல்) போய் கலக்குது, அதே கிரிட்ல தூத்துக்குடி அனல்மின் நிலையத்தோட கரண்டும் கலக்குது, அங்க மட்டும் 210 மெகாவாட் யூனிட் அஞ்சு இருக்கு, நிலக்கரிதான். நாகர்கோவில்ல பிளக்க சொருகினாலும் சேலத்துல சொருகினாலும் அதே கலவைதான் வருது. இந்தியா முழுக்க சராசரியா ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுதுன்னு மத்திய மின்சார ஆணையத்தோட கணக்கு சொல்லுது. இந்த 0.7ன்ற நம்பர மனசுல வச்சுக்குங்க, இந்தக் கட்டுரை முழுக்க அதத்தான் பெருக்கப் போறோம்.

கடல் சூடாகறதும் புயல் பலமாகறதும் நமக்கு பாடப்புத்தகத்துல உள்ள விஷயம் கிடையாது. 2017 நவம்பர் கடைசியில ஒகி வந்தப்பம் நம்ம கடலோர ஊர்கள்ல எத்தன வீட்டு ஆம்பிளைங்க திரும்பி வரலன்னு எல்லாருக்கும் தெரியும், ரப்பரும் வாழையும் சாஞ்சு கிடந்ததும் நாள்கணக்கா கரண்ட் இல்லாம இருந்ததும் தெரியும். ஒரு அனிமேஷன் ரெண்டர்னால புயல் வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா யூனிட் யூனிட்டா சேருற கணக்குல நம்ம பங்கும் இருக்கு, அது எவ்ளோன்னு தெரிஞ்சு வேலை செய்யறது நம்ம கடமைன்னு நான் உறுதியா நம்புறேன்.

முதல் வேலை: அளந்து பாருங்க

அளக்காம எதுவும் குறையாது. வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, பிளக்குல மாட்டுற வாட் மீட்டர், இல்லன்னா யூனிட் காட்டுற ஸ்மார்ட் பிளக், ஆன்லைன்ல கிடைக்கும். மெஷின், மானிட்டர் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு அந்த பாக்ஸ இதுல சொருகுங்க.

ரெண்டாவது வழிக்கு ஒத்த பைசா செலவில்ல, வீட்டு இ.பி. மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தன சிமிட்டல்னு போட்டிருக்கும், 1600 இல்ல 3200 இப்பிடி ஏதாவது ஒரு நம்பர். வீட்ல ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாத்தையும் ஒரு ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு (அம்மாகிட்ட மொதல்லயே சொல்லிருங்க), ரெண்டர ஓட விட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவை சிமிட்டுதுன்னு எண்ணுங்க. 3200 போட்ட மீட்டர்ல நிமிஷத்துக்கு 16 தடவைன்னா, 16ஐ 3200ஆல வகுத்தா 0.005 யூனிட், அத 60ஆல பெருக்கினா மணிக்கு 0.3 யூனிட். அதாவது உங்க மெஷின் 300 வாட் இழுக்குது.

ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு ஃபுல் லோடுல 170 வாட் வரைக்கும் இழுக்கும், கூட பிராசஸர், மானிட்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்தா 300 பக்கத்துல வாறது சாதாரணம். 4090 போட்டிருந்தா கார்டு மட்டும் 450 வாட்.

இப்பம் கணக்கு. பத்து செகண்ட் ஷாட்னா 240 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 6 நிமிஷம்னு வச்சுக்குவோம். 240 ஃபிரேமுக்கு 1440 நிமிஷம், அதாவது சரியா 24 மணி நேரம். 300 வாட் மெஷினுக்கு 7.2 யூனிட், கார்பன் கணக்குல 5 கிலோ. பத்து செகண்டுக்கு. அதே ஷாட்ட "தல, கொஞ்சம் மாத்துங்க, கலர் கொஞ்சம் ஏத்துங்க"ன்னு அஞ்சு தடவை ரெண்டர் பண்ணினா 36 யூனிட், 25 கிலோ. ஒரு நிமிஷ விளம்பரத்துக்கு இதே வேகத்துல ஒரு தடவை ரெண்டர் பண்ணவே 144 மணி நேரம், 43 யூனிட். நம்ம இ.பி.யில ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, 500 தாண்டினா குறைஞ்ச ஸ்லாப் ரேட்டும் கையவிட்டுப் போயிரும், அதனால வீட்ல இருந்து வேலை செய்யற பிள்ளைங்களுக்கு இது அப்பா பாக்கற பில்லுலயும் தெரியும்.

ஒரு நோட்டு போடுங்க. ஷாட் பேரு, எத்தன ஃபிரேம், ஃபிரேமுக்கு எத்தன நிமிஷம், எத்தன வாட், எத்தன தடவை ரெண்டர் ஆச்சு. அந்தக் கடைசி கட்டம்தான் முக்கியம்.

ரெண்டாவது: சைஸ முடிவு பண்ணுங்க

படம் கடைசியில எங்க ஓடப் போகுதுன்னு கேக்காம ப்ராஜெக்ட் ஃபைல தொறக்காதீங்க. எல்லாரும் 4கேன்னு சொல்லிருவாங்க. 4கேன்னா ஃபுல் எச்டியோட நாலு மடங்கு பிக்சல், ரெண்டர் நேரமும் ஏறத்தாழ நாலு மடங்கு.

நம்ம ஊர்ல அடிக்கடி வாற வேலை திருவிழா எல்இடி வால். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவோ சுசீந்திரம் தேரோட்டமோ மண்டைக்காடு கொடையோ, மேடைக்குப் பின்னாடி ஒரு வால் நிக்கும். அந்த வாலுக்குன்னு ஒரு பிட்ச் உண்டு, புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி. 3.91 பிட்ச்னா அரை மீட்டர் பேனலுக்கு 128 புள்ளிதான். மூணரை மீட்டர் அகலம் ரெண்டரை மீட்டர் உயரம் உள்ள வால்ல மொத்தமே 896க்கு 640 புள்ளி. அதுக்கு நீங்க 4கே ரெண்டர் பண்ணிக் கொடுத்தா வாலால காட்ட முடியுற அளவப்போல 14 மடங்கு கணக்குப் போட்டு, மிச்சப் புள்ளிகள எல்லாம் கண்ட்ரோலர் தூக்கி எறிஞ்சிரும். யாரு கண்ணுலயும் படாத பிக்சலுக்கு நிலக்கரி எரிஞ்சிருக்கு. அதனால வால் வாடகைக்கு விடுறவருக்கு ஒரு போன் போட்டு பிட்சும் பேனல் எண்ணிக்கையும் கேட்டு வாங்குங்க, அஞ்சு நிமிஷ வேலை, இந்தக் கட்டுரையில நான் சொல்ற எல்லாத்துலயும் இதுதான் ஈசியான மிச்சம்.

போன்ல மட்டும் பாக்கற கல்யாண அழைப்புக்கும் இதே கதைதான், ஃபுல் எச்டி தாராளம்.

மூணாவது: ஒரு ஷாட்ட எடுத்துப் பிரிச்சுப் பாப்போம்

நம்ம பிள்ளைங்க போர்ட்ஃபோலியோவுக்கு எல்லாரும் பண்ண ஆசப்படுறது கன்னியாகுமரிதான். விவேகானந்தர் பாறையில இருந்து வள்ளுவர் சிலைக்குப் போற கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் 30ல திறந்தது, 77 மீட்டர் நீளம். அதுல ஒரு குடும்பம் நடந்து போகுது, கீழ கடல், பின்னாடி 133 அடி சிலை, சாயங்கால வெயில். பாக்க அழகு, ஆனா ரெண்டருக்கு இதவிட மோசமான ஷாட் கிடையாது: கண்ணாடி, அதுக்கு அடியில தண்ணி, தண்ணியில சூரியன் பளபளப்பு. ஒவ்வொரு கதிரும் கண்ணாடிக்குள்ள பூந்து, வளைஞ்சு, தண்ணியில பட்டு, திரும்பி வரணும். பிளெண்டர்ல (ஃப்ரீயா கிடைக்கிற 3டி மென்பொருள்) சைக்கிள்ஸ் (கதிர்களப் பின்தொடர்ந்து ரெண்டர் பண்ற அதோட எஞ்சின்) வச்சு அப்பிடியே விட்டா ஃபிரேமுக்கு இருவது நிமிஷம் ஆனாலும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கும். (மாயா, ஹௌடினி மாதிரி வேற 3டி மென்பொருள் வச்சிருக்கவங்களுக்கும் யோசனை இதேதான், பட்டன் பேருதான் மாறும்.)

மொதல்ல கேளுங்க, கேமரா அசையணுமா? கேமராவ ஒரு இடத்துல ஊனி வச்சா சிலை அசையாது, பாறை அசையாது, பாலத்தோட கம்பி அசையாது, வானம் பத்து செகண்டுல பெருசா மாறாது. இதெல்லாத்தையும் ஒரே ஒரு ஸ்டில்லா நல்ல தரத்துல எடுத்து வச்சுக்குங்க, முக்கா மணி நேரம் ஆனாலும் பரவால்ல, ஒரு தடவைதானே. பிறகு அசையற ஆளுங்கள மட்டும் வியூ லேயர்ல தனியா பிரிச்சு, அவங்க நெழலுக்கு ஷேடோ கேச்சர் (நெழல மட்டும் பிடிக்கிற தளம்) வச்சு, 240 ஃபிரேம் ஓட்டுங்க. ஆளுங்களுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒன்றரை நிமிஷம்னா 6 மணி நேரம், 1.8 யூனிட். முழு சீனையும் 20 நிமிஷ கணக்குல ஓட்டினா 80 மணி நேரம், 24 யூனிட். (அசையற கடலுக்கு ஆகுறது தனி, அத கீழ பாப்போம்.) படம் பாக்கற ஆளுக்கு வித்தியாசம் தெரியாது.

கேமரா அசஞ்சே ஆகணும்னா மெதுவா பக்கவாட்டுல மட்டும் நகத்துங்க, தூரத்துல உள்ள சிலையயும் வானத்தையும் ஒரு தட்டையான படமா பின்னாடி ஒட்டினாப் போதும், அவ்ளோ தூரத்துல கோண வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

அடுத்தது கடல். புதுசா வாறவங்க கடல்னாலே ஃப்ளூயிட் சிமுலேஷன் (தண்ணியோட அசைவ மெஷின் கணக்குப் போடுறது) வேணும்னு நெனைச்சு, ராத்திரி முழுக்க பேக் பண்ணி (அந்தக் கணக்க முன்னாடியே போட்டு சேமிச்சு), பத்து பதினஞ்சு ஜிபி கேஷ் ஃபைல ஏத்தி வச்சிருப்பாங்க. தூரத்துக் கடலுக்கு ஓஷன் மாடிஃபையர் போதும், அது கணித அலைதான், சிமுலேஷனே இல்ல. பாறையில அலை அடிச்சு தெறிக்குற அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சின்ன பெட்டி போட்டு சிமுலேஷன் பண்ணுங்க. அதுவும் மொதல்ல 32, 64 மாதிரி குறைஞ்ச ரெசல்யூஷன்ல அலையோட நேரம் சரியா வருதான்னு பாத்துட்டு, பிறகு ஏத்துங்க. ரெசல்யூஷன ரெண்டு மடங்காக்கினா நீளம், அகலம், உயரம் மூணுலயும் ஏறி எட்டு மடங்கு கட்டம் ஆகும், அதுக்கு மேல நேரத்தையும் சின்னச் சின்னதா வெட்டணும்.

கண்ணாடி. பாலத்துத் தரை தட்டைக் கண்ணாடி, அதுல வெளிச்சம் பெருசா வளையாது. அதனால உண்மையான கிளாஸ் ஷேடர் (பொருள் வெளிச்சத்துக்கு எப்பிடித் தெரியணும்னு சொல்ற அமைப்பு) வேண்டாம், ட்ரான்ஸ்பரண்ட்டையும் கிளாஸியையும் ஃப்ரெனல் (பாக்கற கோணத்துக்கு ஏத்த மாதிரி பிரதிபலிப்ப மாத்துறது) வச்சு கலந்தா கண்ணு ஏமாந்துரும், ரெண்டர் நேரமும் நல்லாவே குறையும். காஸ்டிக்ஸ் (கண்ணாடி, தண்ணியில பட்டு குவிஞ்சு விழுற வெளிச்சம்) ரெண்டு டிக்கையும் ஆஃப் பண்ணுங்க. லைட் பாத்ல மொத்த பவுன்ஸ் (ஒரு கதிர் எத்தன தடவை தெறிக்கலாம்ங்கறது) 12ன்னு டீஃபால்ட்டா இருக்கும், வெளிப்புற வெயில் ஷாட்டுக்கு 4, 5ல தொடங்குங்க, கண்ணாடி எங்கயாவது கறுப்பா தெரிஞ்சா அப்பம் மட்டும் ட்ரான்ஸ்மிஷன கொஞ்சம் ஏத்துங்க.

தோவாளை பூ மார்க்கெட் மாதிரி ஒரு சீன்னா பிரச்சனை வேற, அங்க கண்ணாடி இல்ல, எண்ணிக்கை. ஆயிரக்கணக்குல பூவ காப்பி பண்ணி வைக்காதீங்க, இன்ஸ்டன்ஸ் போடுங்க, ஒரு பூவோட டேட்டா மட்டும் மெமரியில இருக்கும். கார்டு மெமரி நிறைஞ்சு வேலை பிராசஸருக்குப் போயிருச்சுன்னா அதே ஃபிரேமுக்கு பல மடங்கு நேரமும் கரண்டும் போகும்.

நாலாவது: சாம்பிள்

சாம்பிள்னா ஒரு பிக்சலுக்கு எத்தன கதிர் விட்டுப் பாக்கணும்ங்கற எண்ணிக்கை. இத நல்லா புரிஞ்சுக்குங்க, ஏன்னா இங்கதான் கண்ண மூடிட்டு நம்பர ஏத்துறாங்க. படத்துல உள்ள புள்ளி இரைச்சல் பாதியாகணும்னா சாம்பிள் நாலு மடங்காகணும். கால்வாசியாகணும்னா பதினாறு மடங்கு. அப்பம் 256ல இருந்து 4096க்குப் போறது பதினாறு மடங்கு கரண்ட், கிடைக்கறது நாலுல ஒரு பங்கு இரைச்சல். அந்தக் கடைசி இரைச்சல டீநாய்சர் சில செகண்டுல தொடச்சிரும். பிளெண்டர்ல டீஃபால்ட்டாவே மேக்ஸ் சாம்பிள் 4096, நாய்ஸ் த்ரெஷோல்டு (இரைச்சல் இந்த அளவுக்குக் குறைஞ்சா நிறுத்தலாம்ங்கற எல்லை) 0.01ன்னு இருக்கும். த்ரெஷோல்ட 0.05க்கு மாத்தி, மேக்ஸ் 512 வச்சு, டீநாய்ஸ் ஆன் பண்ணி ஒரு டெஸ்ட் பாருங்க.

டெஸ்ட் பாக்கும்போது ஒரு ஃபிரேம மட்டும் பாத்துட்டு ஓகே சொல்லிராதீங்க. ரொம்பக் குறைஞ்ச சாம்பிள்ல டீநாய்ஸ் பண்ணினா ஸ்டில் அழகா இருக்கும், ஓட விட்டா நெழல் எல்லாம் கொதிக்கிற மாதிரி துடிக்கும். தொடர்ச்சியா ஒரு பதினஞ்சு ஃபிரேம் ஓட்டிப் பாத்துட்டு, துடிச்சா கொஞ்சம் ஏத்துங்க. அப்பறமா 1, 60, 120, 180, 240ன்னு தூரத் தூர அஞ்சு ஃபிரேம், ஷாட்டுக்குள்ள எங்கயாவது கை சட்டைக்குள்ள பூந்திருக்கா, டெக்ஸ்சர் காணாம போயிருக்கான்னு பாக்கறதுக்கு. அந்த டெஸ்ட்ட 25 சதவீத சைஸ்ல எடுத்தா பதினாறுல ஒரு பங்கு பிக்சல்தான். பெர்சிஸ்டண்ட் டேட்டான்னு ஒரு டிக் இருக்கும், ராம் போதுமானதா இருந்தா போட்டு வைங்க, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சீன முதல்ல இருந்து ஏத்தாது.

கார்ட்டூன் ஸ்டைல் வேலைக்கு சைக்கிள்ஸே வேண்டாம், பிளெண்டர்ல உள்ள ஈவீங்கற வேகமான எஞ்சின் போதும், நிமிஷத்துல வாறது செகண்டுல வந்துரும். வேலை பாக்கும்போதும் வியூபோர்ட்ட (மாடல் செய்யற ஜன்னல்) சாலிட் மோடுல வைங்க. ரெண்டர்ட் மோடுல வச்சுட்டு ஒவ்வொரு தடவை மவுஸ அசைக்கும்போதும் கார்டு முதல்ல இருந்து கணக்குப் போடுது.

அஞ்சாவது: கரண்ட் கட்டும் மழையும்

ரெண்டர நேரா எம்பி4ஆ எடுக்காதீங்க, 200வது ஃபிரேம்ல கரண்ட் போனா முன்னாடி உள்ள 199ம் சேர்ந்து போயிரும், திரும்பவும் அத்தனை யூனிட். எப்பவும் பிஎன்ஜி இல்லன்னா ஈஎக்ஸ்ஆர் சீக்வன்ஸ், அதாவது ஃபிரேமுக்கு ஒரு படம்னு தனித்தனி ஃபைல். ஓவர்ரைட் டிக்க எடுத்துருங்க, பிளேஸ்ஹோல்டர் டிக்க போடுங்க. கரண்ட் வந்த பிறகு திரும்ப ஓட்டினா முடிஞ்சத விட்டுட்டு மிச்சத்த பிடிச்சுக்கும், பாதியில நின்ன அந்த ஒரு ஃபிரேம மட்டும் அழிச்சிட்டு தொடங்குங்க. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ரெண்டர் போடாதீங்க, பிளக்க உருவி வைங்க, ஒரு மின்னல்ல மதர்போர்டு போனா அது நேரா குப்பைதான்.

இன்வெர்ட்டர்ல ரெண்டர் ஓட்டவே கூடாது. பேட்டரிக்கு ஏத்தும்போது கொஞ்சம் சூடா போகுது, திரும்ப எடுக்கும்போது கொஞ்சம் போகுது, பேட்டரி ஆயுசும் குறையுது. யுபிஎஸ் இருக்கறது சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்கு.

நேரம்னு பாத்தா, முடிஞ்சவரை சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் பெரிய ரெண்டர ஓட்டாதீங்க. சூரியன் போயிரும், எல்லா வீட்லயும் லைட்டு ஃபேன் அடுப்பு ஓடும், அந்த நேரத்துத் தேவைய அதிகமா தாங்குறது நிலக்கரிதான். பகல்ல சோலார் கரண்ட் கிரிட்ல நெறைய இருக்கும். கூரையில சோலார் போட வசதி இருந்தா பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. 1 கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாள்ல 4 யூனிட் பக்கம் கிடைக்கும், நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டுன்றதால ஆனி ஆடியிலயும் ஐப்பசியிலயும் குறையும். இன்னொண்ணு, ஆன்கிரிட் சோலார் (இ.பி. லைனோட சேர்த்து மாட்டுறது), கரண்ட் கட் ஆனா தானும் நின்னுரும், லைன்ல வேலை பாக்கறவங்க பாதுகாப்புக்காக அப்பிடித்தான் வச்சிருக்காங்க. அதனால சோலார் இருக்குன்னு சீக்வன்ஸ் பழக்கத்த விட்டுராதீங்க.

சூடு விஷயம். 300 வாட் மெஷின் ரூம்ல 300 வாட் ஹீட்டர் மாதிரிதான், ஏசி போட்டா அந்த சூட்ட வெளிய தள்ள இன்னொரு 100 வாட் பக்கம் போகும். ஓட்டு வீடா இருந்தா ஜன்னல் பக்கம் மெஷின வச்சு, சூடு காத்து வெளிய போற மாதிரி பண்ணினா ஏசியே தேவைப்படாது. ஆனா குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடல் பக்கத்து வீடுன்னா ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, உப்புக் காத்து போர்ட அரிச்சிரும். ஃபேன் தூசிய மாசம் ஒரு தடவை பிரஷ் வச்சு எடுங்க. கார்டோட பவர் லிமிட்ட 75, 80 சதவீதத்துக்கு இறக்கி வைங்க, கடைசி கொஞ்சம் வேகத்துக்காகத்தான் கார்டு வோல்டேஜ கண்டமானிக்கு ஏத்துது, வேகம் கொஞ்சம்தான் குறையும், யூனிட் நல்லாவே குறையும், ஃபேன் சத்தமும் கம்மி.

மெஷின் வாங்குறதும் தூக்கி எறியறதும்

கரண்ட் மட்டும் கணக்கில்ல. ஒரு லேப்டாப்ப செஞ்சு முடிக்கறதுக்குள்ளயே சில நூறு கிலோ கார்பன் வெளிய போயிருது, நீங்க பெட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடியே. சிப்பு, போர்டு, காந்தம் எல்லாத்துக்கும் எங்கயோ ஒரு மண்ணத் தோண்டணும். தோண்டுறதுன்னா என்னன்னு வேற ஊர்க்காரங்களுக்குச் சொல்லித்தான் புரிய வைக்கணும், நமக்கு வேண்டாம். மணவாளக்குறிச்சி மணல்ல இருந்து எடுக்கற மோனோசைட்ல அரிய மண் தனிமங்கள் இருக்கு, ஹார்டு டிஸ்க் மோட்டார்ல உள்ள காந்தத்துக்கு வேணும்ங்கற நியோடிமியமும் அந்த வகைதான். கடற்கரை மணல் எடுக்கறத எதிர்த்து நம்ம கடலோர மக்கள் ஏன் நிக்காங்கன்னு யோசிச்சா, ஒரு மெஷின ரெண்டு வருஷம் கூட வச்சு ஓட்டுறது சின்ன விஷயமா தெரியாது.

அதனால புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ராம் ஏத்துங்க, எஸ்எஸ்டி போடுங்க, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. படிக்கிற காலத்துல 4090 வேண்டவே வேண்டாம், மேல சொன்ன மாதிரி ஷாட்ட பிரிக்கத் தெரிஞ்சா 3060யே ரொம்ப நாள் தாங்கும், செகண்ட் ஹேண்ட்ல நல்லதா கிடைச்சா அதுவே போதும்.

பழசானத ஆக்கர் கடையில எடைக்குப் போடாதீங்க. அங்க இருந்து போற போர்டுகள வயரோட சேர்த்து வெளிய போட்டு எரிக்கிற இடங்கள் இருக்கு, அந்தப் புகை அங்க வேலை செய்யற ஆளு நெஞ்சுக்குள்ள போகுது. 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கற மின்கழிவு விதிப்படி பழசுக்கு தயாரிச்ச கம்பெனியும் பொறுப்பு, அவங்க சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, இல்ல பதிவு பெற்ற மறுசுழற்சி ஆளுங்ககிட்ட கொடுங்க. யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரிய புதுசு வாங்கற கடையிலயே கொடுத்தா விலையில கழிச்சுப்பாங்க, உள்ள இருக்கறது ஈயமும் ஆசிடும், தோட்டத்து மூலையில போட்டு வைக்கிற சாமானே கிடையாது.

கிளவுட் ரெண்டர் ஃபார்ம் (இன்டர்நெட் வழியா வாடகைக்கு ரெண்டர் பண்ணித் தர்ற கம்பெனி) பத்தியும் கேப்பீங்க. அவங்க மெஷின் நம்மளதவிட திறமையா ஓடும், அவசர வேலைக்கு நல்லது, ஆனா கரண்ட் அங்கயும் எரியுது, பில்லு கண்ணுக்குத் தெரியாததால கை தாராளமாயிரும். உலகத்துல உள்ள டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து 2024ல உலக மின்சாரத்துல ஒன்றரை சதவீதம் பக்கம் எடுத்துக்கிச்சுன்னு சர்வதேச எரிசக்தி முகமை சொல்லுது. டெஸ்ட்ட வீட்ல முடிச்சுட்டு ஃபைனல மட்டும் அனுப்புங்க. வேலை முடிஞ்சு கிளையண்ட் பணம் தந்த பிறகு பழைய டெஸ்ட் ஃபிரேம், சிமுலேஷன் கேஷ் எல்லாத்தையும் அழிங்க, ப்ராஜெக்ட் ஃபைலும் ஃபைனலும் இருந்தாப் போதும்.

கடைசியா, கிளையண்ட்

நோட்டுல "எத்தன தடவை ரெண்டர்"ங்கற கட்டத்துல உள்ள நம்பர ஏத்துறது பெரும்பாலும் கிளையண்ட்தான். அவங்க மேல தப்பில்ல, நாம காட்டுற விதம் அப்பிடி. சாம்பல் கலர்ல ஒரு பிளேபிளாஸ்ட்ட (ரெண்டர் பண்ணாம வேகமா எடுக்கற முன்னோட்ட வீடியோ) வாட்ஸ்அப்ல அனுப்பினா "என்ன தம்பி இப்பிடி இருக்கு"ன்னு பயந்துருவாங்க, அதனால நாம அவசரப்பட்டு ஃபைனல் தரத்துல ரெண்டர் பண்ணிக் காட்டுறோம், அவங்க அதுல மாத்தம் சொல்றாங்க.

இப்பிடிப் பண்ணுங்க. அசைவ மட்டும் காட்ட சாம்பல் வீடியோ, லுக்க மட்டும் காட்ட ஃபைனல் தரத்துல அஞ்சு ஸ்டில். ரெண்டையும் சேர்த்து ஒரே நேரத்துல அனுப்பி, "அண்ணாச்சி, வீடியோவுல ஓட்டத்த மட்டும் பாருங்க, படத்துல கலரும் வெளிச்சமும் மட்டும் பாருங்க"ன்னு போன்ல சொல்லுங்க. நேர்ல கடைக்குப் போய் லேப்டாப்ல காட்டினா இன்னும் நல்லது. கொட்டேஷன்லயே எழுதிருங்க: இந்தக் கட்டத்துல ரெண்டு சுத்து மாத்தம் ஃப்ரீ, ரெண்டும் ஓகேன்னு மெசேஜ் வந்த பிறகுதான் ஃபைனல் ரெண்டர், அதுக்குப் பிறகு மாத்தணும்னா ரெண்டர் சார்ஜ் தனி. லோகோவும் போன் நம்பரும் விலையும் ரெண்டருக்குள்ள வைக்காதீங்க, எடிட்டிங்ல மேல ஒட்டுங்க, நூத்துக்கு தொண்ணூறு மாத்தம் அங்கதான் வரும்.

பில்லுல ரெண்டர் கரண்ட்னு ஒரு தனி வரி போடுங்க, எத்தன யூனிட்னு எண்ணிக்கையோட. யாராவது என்னதுன்னு கேட்டா அந்த நோட்டக் காட்டுங்க.